டர்பனில் ஒரு பழைய டிஜிட்டல் டிலே: வாங்குவதில் இருந்து வாசிப்பது வரை முழு வழிகாட்டி

ஒலியைப் பிடித்து வைத்துச் சற்று நேரம் கழித்து எதிரொலியாகத் திருப்பித் தருவது டிஜிட்டல் டிலே. அப்படிப்பட்ட பழைய பெட்டியைத் தேடி அலைகிறவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் 'அந்த அழுக்கான சவுண்டுக்காக' என்றுதான் பதில் வரும். அது பாதிதான் உண்மை. அழுக்கு மட்டும் போதும் என்றால் கம்ப்யூட்டருக்குள் ஓடும் எஃபெக்ட் சாஃப்ட்வேரான பிளகின், அதுவும் இலவசமானது ஒன்றே போதும். 1980களின் பெட்டிகளில் இருக்கிற உண்மையான சொத்து அவற்றின் கிளாக், அதாவது ஒலியை எந்த வேகத்தில் அளப்பது என்று தட்டிக்கொண்டே இருக்கும் சர்க்யூட். அதைக் கையால் திருப்பும்போது நேரமும் சுருதியும் ஒலியின் பளிச்சும் ஒன்றாக நகர்கின்றன. அதனால்தான் இவை எஃபெக்டாக மட்டும் நிற்காமல் வாசிக்கக்கூடிய வாத்தியமாகவே ஆகிவிடுகின்றன.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் லேப்டாப்பில் கோம் (இந்த ஊரில் பிறந்த எலெக்ட்ரானிக் நடன இசை) பீட் கட்டும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களில் ஒரு தம்பி, "அண்ணா, இதெல்லாம் பிளகின்லயே இருக்கே, எதுக்கு இந்தப் பழைய பெட்டி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையும் செய்து காட்டியதையும் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பெட்டி கையில் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, அது கடைசிக்கு முந்தைய படியில்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஜிட்டல் டிலே 1971ல் கடைக்கு வந்தது. அந்த வருடம் எம்.ஐ.டி. பேராசிரியர் பிரான்சிஸ் லீயின் லெக்சிகான் கம்பெனி டெல்டா டி-101 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அப்போது மெமரி தங்க விலை. 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் ஏ.எம்.எஸ். கம்பெனி டி.எம்.எக்ஸ். 15-80ஐ வெளியிட்டது. மான்செஸ்டர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அதை வைத்து டிரம்ஸ் ஒலியையே மாற்றிக் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் கோர்க் எஸ்.டி.டி-3000, ரோலண்ட் எஸ்.டி.ஈ-3000, லெக்சிகான் பி.சி.எம். 42 என்று ரேக் சட்டத்தில் மாட்டும் பெட்டிகள் வரிசையாக வந்தன. 1983ல் பாஸ் கம்பெனி, எஸ்.டி.ஈ-3000க்காகச் செய்த அதே சிப்பை வைத்து டி.டி-2 என்ற கால் பெடலைச் செய்தது. காம்பாக்ட் பெடல் அளவில் வந்த முதல் டிஜிட்டல் டிலே அதுதான்.

வரலாறு இவ்வளவு போதும், வேலை நடக்கிற விதத்துக்கு வருவோம். உள்ளே வரும் ஒலியைப் பெட்டி துண்டு துண்டாக அளந்து மெமரியில் வரிசையாகப் போடுகிறது. வரிசை முழுவதும் நகர்ந்து முடிந்ததும் அந்தத் துண்டு வெளியே வருகிறது. மெமரியில் 16,384 இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாக் செகண்டுக்கு 32,000 முறை தட்டினால் டிலே 512 மில்லி செகண்ட். கிளாக்கைப் பாதியாக்கினால் 1,024 மில்லி செகண்ட். மெமரி கூட்டாமலே நேரம் இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் கிளாக்கின் பாதி வேகத்துக்கு மேல் இருக்கும் ஒலியைப் பெட்டியால் பிடிக்க முடியாது. முதலில் 16 கிலோஹெர்ட்ஸ் வரை போன ஒலி இப்போது 8 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். பழைய பெட்டிகளில் நேரத்தை இரட்டிப்பாக்கும் பட்டனை அமுக்கியதும் ஒலி மங்குவது இதனால்தான்.

பிட் கணக்கும் முக்கியம். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல், ஆக 12 பிட் பெட்டிக்கு 72 டெசிபல் இடம்தான். அது போதாது என்பதால் சத்தத்தை உள்ளே போகும்போது அமுக்கி, வெளியே வரும்போது விரிக்கும் கம்பேண்டர் சர்க்யூட்டைப் பல பெட்டிகளில் வைத்தார்கள். எதிரொலி தேயும்போது வாலில் மூச்சு விடுவது போல ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும், அது இதன் வேலை. அதோடு, நிறைய பெட்டிகளில் ஃபீட்பேக், அதாவது எதிரொலியை மறுபடி உள்ளே அனுப்பும் சுற்று, அனலாக் பக்கமாகவே சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மறுபடி ஃபில்டர், மறுபடி கம்பேண்டர், மறுபடி 12 பிட் என்று எல்லாவற்றையும் தாண்டுகிறது. ஐந்தாவது எதிரொலி முதலாவதைப் போல இருக்கவே இருக்காது. பாட்டில் அது வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் இதனால்தான்: பின்னால் வரும் எதிரொலிகளில் பளிச்சு குறைந்துகொண்டே போவதால் அவை குரலோடு மோதுவதில்லை.

படி 2: எதை வாங்குவது

ஏ.எம்.எஸ்., பி.சி.எம். 42, 1985ல் வந்த டி.சி. 2290 எல்லாம் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. முதல் பெட்டிக்கு அங்கே போக வேண்டாம். டி.டி-2 அல்லது 1986ல் வந்த டி.டி-3ன் பழைய பதிப்பு என் முதல் சிபாரிசு. காரணம் எளிது: டிலே நேரம் ஒரே நாபில் இருக்கிறது, அந்த நாபே கிளாக்கை நகர்த்துகிறது. ரேக் பெட்டிகள் பலவற்றில் நேரத்தைப் பட்டன் அமுக்கிப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும், கிளாக்கை மாடுலேஷன் (தானாக மேலும் கீழும் ஆட்டும் சர்க்யூட்) மட்டும்தான் அசைக்கும். அதற்கும் தனி அழகு உண்டு, ஆனால் வாசித்துப் பழக நாப் வேண்டும்.

கையில் காசு குறைவா? பழைய கரோகே மிக்சரோ, எக்கோ வைத்த மைக் ஆம்பிளிஃபையரோ கிடைத்தால் விடாதீர்கள். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றின் எக்கோ பகுதியில் பி.டி.2399 என்ற தைவான் சிப் உட்கார்ந்திருக்கும். அதுவும் மெமரியும் நகரும் கிளாக்கும் சேர்ந்த டிலேதான். ஆறாவது காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் உள்ள ரெசிஸ்டர்தான் அதன் நேரம். சுமார் 27 கிலோ ஓம் வைத்தால் 340 மில்லி செகண்ட், அரை கிலோ ஓம் வைத்தால் 30 மில்லி செகண்ட் பக்கம். நேரம் கூடக் கூட இரைச்சலும் கூடும். சாலிடரிங் தெரிந்தவர்கள் இந்தச் சிப்பை வாங்கித் தாங்களே ஒரு டிலே கட்டிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று கவனம்: பவர் போடும் நொடியில் ஆறாவது காலில் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக இருந்தால் சிப் பூட்டிக்கொள்ளும். நாபைக் கூடிய நேரத்துப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

படி 3: கரண்ட் விஷயம், அவசரப்படாதீர்கள்

இந்தப் பெட்டிகளில் கணிசமானவை ஜப்பான் தயாரிப்பு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தவை 117 அல்லது 120. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் பெட்டி அன்றோடு சரி. பின்பக்கத் தகட்டில் அச்சடித்திருக்கும் வோல்டேஜைப் படித்துவிட்டு, அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். பெட்டி எத்தனை வாட் என்றும் அங்கேயே எழுதியிருக்கும். அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாத டிரான்ஸ்ஃபார்மர் நல்லது, அதுவும் எர்த் உள்ள மூன்று பின் வகையாக. உள்ளே கம்பியை மாற்றி 230க்குத் திருப்பலாம் என்று யாராவது சொன்னால் அதை டெக்னீஷியனிடம் விடுங்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே சார்ஜ் தங்கியிருக்கும்.

வெளிநாட்டில் இருந்து தருவிக்கிறீர்கள் என்றால் பெட்டி விலை, கப்பல் செலவு போக 15% வாட் (VAT) வரியையும் கணக்கில் சேருங்கள், டூட்டியும் வரலாம். உள்ளூரில் தேடுவது பல சமயம் மலிவாக முடியும்: அடகுக் கடை, சபைகள் கழித்துப் போடும் சவுண்டு ரேக், ஒரு காலத்தில் கல்யாண ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்த அங்கிள்களின் கராஜ். அங்கிள்களிடம் போனால் பெட்டி கிடைக்கிறதோ இல்லையோ, அவர்கள் மேடையில் எக்கோ மெஷினை ஓட்டிய கதை கிடைக்கும். உட்கார்ந்து கேளுங்கள், பாடகர் அடியை முடிக்கிற இடத்தில் மட்டும் எக்கோவைத் திறந்து மூடும் வித்தையெல்லாம் அவர்களுக்குக் கைவந்தது.

அப்புறம் லோட்ஷெடிங், அதாவது மின்வெட்டு. கரண்ட் போவதை விட, திரும்பி வரும்போது அடிக்கும் எகிறல்தான் பழைய பவர் சப்ளையைக் கொல்கிறது. கரண்ட் போனதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வந்த பிறகு சில நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். சர்ஜ் புரொடெக்டர் வேறு தனியாக வேண்டும்.

பெடலுக்கு 9 வோல்ட் அடாப்டர். பாஸ் பெடல்களில் நடுப்பின் நெகட்டிவ், இதை மாற்றிப் போடக் கூடாது. டிஜிட்டல் பெடல் பாட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும், அடாப்டரே சரி.

படி 4: வாங்கும் முன் சோதியுங்கள்

ஹெட்ஃபோனும், போனில் ஒரு டிரம் லூப்பும் கொண்டு போங்கள்.

முதலில் எதையும் அனுப்பாமல் டிலேயை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். லேசான 'ஸ்ஸ்' இருந்தால் பரவாயில்லை. தொடர்ந்து 'ஹூம்' என்று வந்தால் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். அடுத்து ஒரே ஒரு தட்டு அனுப்பி, ஃபீட்பேக்கை ஏற்றி, எதிரொலி தேயும் வரை காது கொடுங்கள். ஒரே இடைவெளியில் 'டிக், டிக்' என்று இசையோடு ஒட்டாத சொடுக்கு வந்தால் மெமரி சிப்பில் கோளாறு என்று சந்தேகப்படலாம். அந்தப் பெட்டிக்கென்றே செய்த பழைய சிப் போயிருந்தால் மாற்று கிடைப்பது கடினம், அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். நாப் கரகரப்பு அவ்வளவு பெரிய விஷயமில்லை. கடலோர ஊரில் உப்புக் காற்று எல்லா நாபையும் பிடிக்கும், கான்டாக்ட் கிளீனர் பீச்சிச் சில தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். பிரிசெட் வைக்கும் ரேக் பெட்டி அணைத்தவுடன் எல்லாம் மறந்தால் உள்ளிருக்கும் பேக்கப் பாட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிவிடலாம்.

படி 5: கம்ப்யூட்டரோடு இணைப்பது

ஆடியோ இன்டர்ஃபேஸில் உபரியாக ஒரு அவுட்புட்டும் ஒரு இன்புட்டும் வேண்டும். அவுட்புட் 3 டிலேக்குள் போகட்டும், டிலே அவுட்புட் இன்புட் 3க்கு வரட்டும். ரேக் பெட்டியில் மிக்ஸை முழுக்க எதிரொலிப் பக்கம் வையுங்கள், நேர் ஒலி கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. டி.டி-2 போன்ற பெடலில் நேர் ஒலி வழக்கமாகக் கலந்தே வரும். அதனால் அனுப்பும் டிராக்கை உங்கள் மிக்ஸில் மூடிவிட்டு, பெடலில் இருந்து வருவதை மட்டும் கேளுங்கள்.

லெவலில் தனிக் கவனம் வேண்டும். பெடல் கிட்டார் அளவுக்குச் செய்தது, இன்டர்ஃபேஸின் லைன் அவுட் அதற்கு மிக அதிகம். அனுப்பும் ஃபேடரை 12 முதல் 15 டெசிபல் இறக்கித் தொடங்கி, உடையாத இடத்தைத் தேடுங்கள். ரேக் பெட்டியில் பின்பக்க லெவல் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். 12 பிட்டில் சன்னமாக அனுப்பினால் கீழ்ப் பிட்டுகள் மட்டும் வேலை செய்து, இசையை இரைச்சல் மூடிவிடும். பெரிய தட்டுக்கு மட்டும் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்ட வேண்டும், அதுதான் சரியான அளவு.

கம்ப்யூட்டர் வழியே போய் வருவதில் சில மில்லி செகண்ட் தாமதம் சேரும். அதை ஈடுகட்ட டிலே நேரத்தைக் குறைக்காதீர்கள், குறைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளம் தப்பும். பதிவு செய்த பிறகு அந்த டிராக்கை மொத்தமாக அதே அளவு முன்னே இழுத்து வையுங்கள்.

படி 6: நேரத்தைத் தாளத்துக்குச் சேர்ப்பது

60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டின் மில்லி செகண்ட் கிடைக்கும். கோம் பாட்டுக்கு 125 என்று வைத்தால் ஒரு பீட் 480. அதில் முக்கால் 360, மூன்றில் இரண்டு 320, பாதி 240, கால் 120. பழைய பெட்டிக்கு டெம்போ தெரியாது, பெடலில் எண் காட்டும் திரையும் கிடையாது. 480 வேண்டும் என்றால் பீட்டுக்கு ஒரு ரிம்ஷாட் ஓடவிட்டு, எதிரொலி அடுத்த ரிம்ஷாட்டின் மேலேயே விழும் வரை நாபைத் திருப்புங்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும் இடத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு போகப் போக விலகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு எதிரொலியும் அதைக் கிளப்பிய தட்டில் இருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. நீளமாகச் சுற்றவிட்டால் மட்டும்தான் விலகல் தெரியும்.

படி 7: வாசிப்பது

அந்தத் தம்பி வாயடைத்துப் போனது இந்த இடத்தில்தான். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

கிளாக் ஒரு வேகத்தில் எழுதிய ஒலியை, நாபைத் திருப்பி வேறு வேகத்தில் படித்தால் சுருதி மாறும். நேரத்தைப் பாதியாக்கினால் கிளாக் இரட்டிப்பாகி, மெமரியில் இருப்பது மேல் ஸ்தாயிக்குப் போகும். ஃபீட்பேக் ஓடிக்கொண்டிருந்தால் அந்த மாறிய சுருதியே மறுபடி எழுதப்பட்டு, மாறியபடியே சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது படி 6ல் உள்ள எண்களைத் திரும்பப் பாருங்கள். 480ல் சுற்றும் ஒரு ஸ்வரத்தை ச என்று வைத்து, நாபை 360க்குக் கொண்டு போனால் 4:3 விகிதம், அதாவது சுத்த மத்யமம். 480ல் இருந்து 320க்கு 3:2, பஞ்சமம். 240க்குப் போனால் மேல் ஷட்ஜம். தாளத்தில் பொருந்துகிற அதே இடங்கள் சுருதியிலும் பொருந்துகின்றன! டி.டி-2ன் நீண்ட மோட் 200 முதல் 800 வரை போவதால் எல்லாம் ஒரே நாபின் வீச்சுக்குள் இருக்கிறது. மெதுவாகத் திருப்பினால் ஸ்வரங்களுக்கு நடுவே ஜாருவும், அதாவது வழுக்கிப் போகும் கமகமும் கிடைக்கும்.

செய்து பாருங்கள். சின்த்தில் ஒரு குட்டை ஸ்வரம், ஃபீட்பேக் முக்கால். மூன்று நான்கு எதிரொலி போகட்டும். டேப் ஒட்டிய 480ல் இருந்து 320க்கு ஒரே வீச்சில் திருப்புங்கள், ஒரு சுற்று பொறுங்கள், கேளுங்கள். பிறகு புதிதாக ஒரு ச வாசியுங்கள். அது தன் சொந்தச் சுருதியிலேயே வரும், பழையது பஞ்சமத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிறது, ஆனால் நீங்கள் அழுத்தியது ஒரே கட்டை.

இதைக் காதால் புரிந்துகொள்ள நம்மிடம் ஏற்கெனவே ஒரு வாத்தியம் இருக்கிறது. தைப்பூசக் காவடியில் உடுக்கை அடிப்பவரைக் கவனித்திருப்பீர்கள்: ஒரு கை தட்டும்போது மற்றக் கை இடுப்புக் கயிற்றை இறுக்கி இளக்கும், தாளமும் சுருதியும் ஒரே அசைவில் வரும். நாபில் உங்கள் கை செய்ய வேண்டியதும் அதே. நிஜமாகவே உடுக்கையைப் பதிவு செய்து இதற்குள் அனுப்புங்கள். எல்லாத் தட்டையும் அனுப்ப வேண்டாம், நாலு பாருக்கு ஒரு திறந்த தட்டு போதும். டிலேக்கு எவ்வளவு ஒலி போக வேண்டும் என்று வைக்கும் சென்ட் நாபை அந்த ஒரு தட்டுக்கு மட்டும் ஏற்றி உடனே இறக்குங்கள். கோமின் உடைந்த கிக்குக்கு நடுவே இருக்கும் வெறுமையில் அந்த வளைந்த எதிரொலி அழகாக உட்காரும்.

மிகக் குறைந்த நேரங்களையும் விடாதீர்கள். 20 முதல் 40 மில்லி செகண்டில் ஃபீட்பேக் இல்லாமல் வைத்தால் குரல் இரட்டிப்பாகத் தடிக்கும். 5 மில்லி செகண்ட் வரை இறங்கும் பெட்டியில் ஃபீட்பேக்கை ஏற்றினால் எதைத் தட்டினாலும் 200 ஹெர்ட்ஸில் உலோகக் குழாய் போல ஒலிக்கும். ஹை-ஹேட்டை அனுப்பினால் ஒரு பேஸ் வரியே முளைத்துவிடும். டி.டி-2ன் சிறிய மோட் 12.5ல் தொடங்குவதால் அதில் 80 ஹெர்ட்ஸ் வரைதான் ஏறும், ஆனால் அந்த உறுமலும் நன்றாகவே இருக்கும். மாடுலேஷன் உள்ள பெட்டியில் அதை மிக மெதுவாக, மிகக் குறைவாக வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது மறுபடி சேர்வதால், முதல் எதிரொலியில் காதுக்குத் தெரியாதது நாலாவதில் நன்றாகவே தெரியும்.

சின்ன ஹார்டுவேர் மிக்சர் இருந்தால் பெட்டியின் உள் ஃபீட்பேக்கை மூடிவிட்டு, டிலே திரும்பி வரும் சேனலில் இருந்து ஆக்ஸ் (தனியாக வெளியே அனுப்பும் வழி) மூலம் அதையே மறுபடி டிலேக்கு அனுப்புங்கள். சேனல் ஈக்யூவில் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் கொஞ்சம் வெட்டுங்கள். இனி ஒவ்வொரு எதிரொலியின் நிறமும் உங்கள் விரலில். ஒரு எல்லை தாண்டினால் ஊளையிடத் தொடங்கும், அதனால் சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போட்டு, ஹெட்ஃபோன் சத்தத்தையும் குறைத்து வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

படி 8: பெட்டி இல்லாதவர்களுக்கு

பெரும்பாலான பிளகின்கள் நேரத்தை மாற்றும்போது சுருதி வழுக்காமல் இருக்க இரண்டு ஒலிகளைக் குறுக்கே கலந்து மறைக்கின்றன. அதை அணைக்க வேண்டும். ஏபிள்டன் லைவின் டிலேயில் ரீபிட்ச், ஃபேட், ஜம்ப் என்று மூன்று வழி உண்டு, ரீபிட்சைத் தேர்ந்தெடுங்கள். எஃப்.எல். ஸ்டூடியோவின் ஃப்ரூட்டி டிலே 3ல் கீப் பிட்சை அணையுங்கள். டெம்போ சிங்கை எடுத்துவிட்டு நேர நாபை மிடி கன்ட்ரோலரின் நாபுக்குக் கொடுங்கள். பிட் குறைப்பையும் ஃபில்டரையும் டிலேக்குப் பின்னால் போடாமல் ஃபீட்பேக் சுற்றுக்குள்ளேயே போடுங்கள். படி 7ன் ஸ்வரக் கணக்கு இதிலும் வருகிறதா என்று காதால் சரிபாருங்கள், பிளகினுக்குப் பிளகின் மாறலாம். நேரத்தோடு பளிச்சும் சேர்ந்து மங்குவது மட்டும் தானாக வராது, நேரம் கூடும்போது ஃபில்டரை நீங்களே மூட வேண்டும்.

படி 9: பதிவும் பராமரிப்பும்

எதிரொலியைத் தனி டிராக்கில், பாட்டு முழுவதும் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். நாப் வைத்த இடத்தை எவ்வளவு துல்லியமாகக் குறித்தாலும் அதே வழுக்கல் இரண்டாம் முறை வராது. நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நல்ல இரண்டு பாரை வெட்டி எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வருகிறது. மிச்சத்தை அழிக்காமல் பிபிஎம், சுருதி இரண்டையும் ஃபைல் பெயரில் எழுதி வையுங்கள், அடுத்த பாட்டுக்கு சாம்பிள் ஆகும்.

டர்பன் ஈரப்பதத்தில் பெட்டியை மூடிய அலமாரியில் அடைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அடிக்கடி ஆன் செய்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள், சும்மா கிடக்கும் கப்பாசிட்டர்தான் சீக்கிரம் கெடும். பழைய ரேக் பெட்டிகள் சூடாகும், மேலே ஒரு யூனிட் இடம் விட்டு மாட்டுங்கள். சர்வீஸ் மேனுவலை இப்போதே தேடி இறக்கி வைத்துக்கொண்டால், என்றைக்காவது டெக்னீஷியனிடம் போகும்போது அவருக்குப் பாதி வேலை மிச்சம்.